பட்டியலின் ஒவ்வொரு வரி முடிவிலும் என்ன குறி இடுவது?

மதுரை திருநகரில் குடியிருப்போர் நலச் சங்கம் ஒன்றைப் பதிவு செய்வதற்காகத் துணைவிதிகளை எழுதிக்கொண்டிருப்பதாகவும், அதில் வரும் பட்டியல்களை எப்படி அமைப்பது என்பதில் குழுவுக்குள்ளேயே மூன்று கருத்துகள் இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். ஒவ்வொரு வரியின் முடிவிலும் அரைப்புள்ளி (;) இட்டு, கடைசி வரிக்கு முன்பு ‘மற்றும்’ சேர்க்க வேண்டும் என்கிறார் ஒருவர். முற்றுப்புள்ளிதான் சரி என்கிறார் இன்னொருவர். எந்தக் குறியும் வேண்டாம் என்கிறார் மூன்றாமவர். எண்களாக 1, 2, 3 இடுவதா, அ, ஆ, இ என்று எழுத்துகளை இடுவதா என்பது நீங்களே கேட்டிருக்கும் துணைக் கேள்வி.

மேலமாசி வீதியை ஒட்டிய ஓர் அச்சகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் மெய்ப்புப் பார்த்தவன் என்ற முறையில் முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பட்டியல்களில் பெரும்பாலானவற்றுக்கு மூன்றாமவர் சொல்வது சரி. ஒவ்வோர் இனமும் தனி வாக்கியமாக இருக்கும் பட்டியல்களுக்கு இரண்டாமவர் சொல்வது சரி. முதலாமவர் சொல்வது ஆங்கிலச் சட்டப் படிவத்தின் வழக்கம். அது அந்த மொழிக்குப் பொருந்தும் அளவுக்கு நம் மொழிக்குப் பொருந்தாது. ஏன் பொருந்தாது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொன்னால்தான் மற்ற இடங்களில் நீங்களே முடிவெடுக்க முடியும்.

தமிழில் பல பொருள்களை அடுக்கிச் சொல்லும் வேலையைத் தொடக்கத்திலிருந்தே சொற்கள்தான் செய்துவந்திருக்கின்றன. ஓலைச்சுவடியில் காற்புள்ளியும் இல்லை, அரைப்புள்ளியும் இல்லை. அவை அச்சோடு ஐரோப்பியர் வழியாக வந்தவை. தமிழ் உரைநடையில் அவற்றை ஒழுங்காகக் கையாண்டவர் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆறுமுக நாவலரைச் சொல்வார்கள். அதற்கு முன்பு பட்டியல் எங்கே முடிகிறது என்று படிப்பவருக்கு எப்படித் தெரிந்தது? நன்னூல் இதற்கு விதியே வைத்திருக்கிறது. ‘உம்’ முதலான எந்த இடைச்சொல்லும் இல்லாமல் பெயர்களை வெறுமனே அடுக்கினால் அதற்குச் செவ்வெண் என்று பெயர். செவ்வெண்ணுக்கு இறுதியில் தொகை, அதாவது மொத்தம் எத்தனை என்று சொல்லும் சொல், கொடுத்தாக வேண்டும். ‘சேரன் சோழன் பாண்டியன் வந்தனர்’ என்று விட்டுவிடக் கூடாது, ‘சேரன் சோழன் பாண்டியன் மூவரும் வந்தனர்’ என்று எழுத வேண்டும். ‘சேரனும் சோழனும் பாண்டியனும் வந்தனர்’ என்று உம்மை கொடுத்தால் தொகை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ‘படைகுடி கூழ்அமைச்சு நட்புஅரண் ஆறும் உடையான் அரசருள் ஏறு’ என்ற குறளைப் பாருங்கள். ஆறு பொருள்கள், இடையில் ஒரு குறியும் இல்லை. ‘ஆறும்’ என்ற ஒரு சொல் வந்து வாசலைச் சாத்திவிடுகிறது. ஒன்றை விட்டுப் படித்தால் கணக்கு உதைக்கும்.

இந்தப் பழைய ஏற்பாட்டை நினைவில் வைத்துக்கொண்டால் இன்றைய குழப்பங்களில் பாதி தீர்ந்துவிடும். உம்மை இருக்கும் இடத்தில் அதுவே பொருள்களை இணைத்துவிடுவதால் காற்புள்ளிக்கு வேலை இல்லை: ‘தலைவரும் செயலாளரும் பொருளாளரும் கையொப்பமிட வேண்டும்.’ உம்மை இல்லாத இடத்தில் காற்புள்ளி வரும், இறுதியில் தொகுக்கும் சொல் வரும்: ‘தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோர் கையொப்பமிட வேண்டும்.’ இதில் ‘பொருளாளர்’ என்பதற்கும் ‘ஆகியோர்’ என்பதற்கும் இடையே காற்புள்ளி வராது. நான் திருத்திய அழைப்பிதழ்களில் மிகுதியாக அடித்த குறி அதுவாகத்தான் இருக்கும். காற்புள்ளிக்கு முன்னால் ஒற்று மிகாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ‘கதவைச், சன்னலை’ என்று எழுதுவது தவறு.

விதிவிலக்கு ஒன்று உண்டு. அடுக்கப்படும் ஒவ்வொன்றும் நீண்ட தொடராக இருந்தால் உம்மைக்குப் பின்னும் காற்புள்ளி தேவைப்படும்: ‘அரிசி, பருப்பு, புளி ஆகிய மளிகைப் பொருள்களும், கத்தரி, முருங்கை, வெண்டை ஆகிய காய்களும் வாங்கப்பட்டன.’ இங்கே ‘பொருள்களும்’ என்பதன் பின்னால் வரும் காற்புள்ளி கண்ணுக்கு ஓய்வு தருகிறது. ஆங்கிலத்தில் இந்த இடத்தில் அரைப்புள்ளி இடுவது வழக்கம். நமக்கு ‘ஆகிய’வும் உம்மையும் இருப்பதால் அது இல்லாமலே நடந்துவிடுகிறது.

‘மற்றும்’ பற்றி. இந்தச் சொல்லுக்கு ‘மேலும்’, ‘பிற’ என்ற பொருள்தான் உரியது. ‘மற்றும் பலர்’ என்று சுவரொட்டிகளில் வருகிறதே, அங்கே அது தன் பழைய பொருளில் நிற்கிறது. இரண்டு பெயர்களுக்கு நடுவே இணைப்பாக அதை வைப்பது மொழிபெயர்ப்புகளின் வழியாகப் பரவியது. இன்று அது அரசாணையிலிருந்து பேருந்துப் பலகை வரை எங்கும் இருப்பதால், அதைப் பிழை என்று அடித்துத் திருத்தும் பிடிவாதத்தை நான் விட்டுவிட்டேன். ஆனாலும் துணைவிதியில் அது இல்லாமல் எழுத முடியும்போது எதற்கு என்பதே என் எண்ணம். ‘தலைவர், செயலாளர் மற்றும் பொருளாளர் ஆகியோர்’ என்று எழுதினால், சேர்க்கும் வேலையை ஒரே வாக்கியத்தில் இரண்டு சொற்கள் செய்கின்றன.

இனி, வரிவரியாக இறக்கி எழுதும் பட்டியலுக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய வரைவில் உறுப்பினர் சேர்க்கை பற்றிய விதி இப்படி இருக்கிறது:

உறுப்பினராகச் சேர விரும்புவோர்,
(அ) நிரப்பிய விண்ணப்பப் படிவம்;
(ஆ) வீட்டு வரி ரசீதின் நகல்;
(இ) ஆதார் அட்டையின் நகல், மற்றும்
(ஈ) சேர்க்கைக் கட்டணம் ரூ. 200
ஆகியவற்றைச் செயலாளரிடம் அளிக்க வேண்டும்.

ஆங்கிலத்தில் வினைச்சொல் முன்னாலேயே வந்துவிடும். இன்னின்னதை அளிக்க வேண்டும் என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிட, அதன் பின் பட்டியல் வால் போலத் தொங்கும். அந்த வால் முடியும் வரை வாக்கியம் முடியாததால்தான் அவர்கள் வரிக்கு வரி அரைப்புள்ளியும் கடைசி வரிக்கு முன் இணைப்புச் சொல்லும் இடுகிறார்கள். தமிழில் வினை கடைசியில் நிற்கிறது. அதனால் மேலே உள்ள அமைப்பில் ‘உறுப்பினராகச் சேர விரும்புவோர்’ என்று தொடங்கிய வாக்கியம் நான்கு வரிகளைத் தாண்டி வந்துதான் தன் வினையைப் பிடிக்கிறது. படிப்பவர் முதல் மூன்று வரிகளைப் படிக்கும்போது இவற்றைக் கொடுக்க வேண்டுமா, காட்டினால் போதுமா, வாங்கிக்கொள்ள வேண்டுமா என்று அவருக்குத் தெரியாது. பட்டியல் பக்கம் மாறினால் இன்னும் மோசம். ‘ஆகியவற்றை’ என்ற வரி இடது ஓரத்தில் தனியாக நிற்பதால் அது (ஈ)யின் தொடர்ச்சியா, பொது வரியா என்ற ஐயமும் எழும். அடுத்த ஆண்டு ஐந்தாவதாக ஒன்றைச் சேர்க்கும்போது அரைப்புள்ளியையும் ‘மற்றும்’மையும் இடம் மாற்ற வேண்டும், பெரும்பாலும் மறந்துவிடுவார்கள்.

இதற்குத் தீர்வு, பட்டியலுக்கு முன்பே வாக்கியத்தை முடித்துவிடுவதுதான்:

உறுப்பினராகச் சேர விரும்புவோர் பின்வரும் நான்கையும் செயலாளரிடம் அளிக்க வேண்டும்:
(1) நிரப்பிய விண்ணப்பப் படிவம்
(2) வீட்டு வரி ரசீதின் நகல்
(3) ஆதார் அட்டையின் நகல்
(4) சேர்க்கைக் கட்டணம் ரூ. 200

வினை முடிந்துவிட்டது, வாக்கியமும் முடிந்துவிட்டது. அதன்பின் வரும் இனங்கள் வெறும் பெயர்கள். பெயருக்கு முற்றுப்புள்ளி எதற்கு, அரைப்புள்ளி எதற்கு? வரி உடைந்து கீழே இறங்குவதே பிரிப்பைச் செய்துவிடுகிறது. மூன்றாமவர் கட்சி வெல்லும் இடம் இதுதான். ‘நான்கையும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள்: செவ்வெண்ணுக்குத் தொகை என்ற நன்னூல் விதி இங்கே தலைப்பு வரிக்கு இடம் பெயர்ந்திருக்கிறது. நகலெடுக்கும்போது கடைசி வரி விடுபட்டாலும் கண்டுபிடித்துவிடலாம். இனத்தைக் கூட்டினால் அந்த எண்ணையும் மாற்ற வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

தலைப்பு வரியின் முடிவில் முக்காற்புள்ளி போதும். பழைய பத்திரங்களில் முக்காற்புள்ளியோடு ஒரு கோடும் சேர்த்து ‘:-’ என்று இடுவார்கள். வரலாற்றுக்குறி என்பது அதன் பெயர். தவறில்லை, ஆனால் இன்று அது வேண்டியதில்லை. கால், அரை, முக்கால், முற்று என்று நிறுத்தத்தின் அளவை நம்மவர்கள் பெயரிலேயே வைத்திருக்கிறார்கள். முக்கால் நிறுத்தத்துக்குப் பின்னால் கால் பங்கு பாக்கி இருக்கிறது, அது கீழே வருகிறது என்று வைத்துக்கொண்டால் எளிது.

ஒவ்வோர் இனமும் வினையோடு முடியும் முழு வாக்கியமாக இருக்கும் பட்டியலில் ஒவ்வொன்றின் முடிவிலும் முற்றுப்புள்ளி வரும். ‘குப்பையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது.’ இப்படி வருபவை அந்த வகை. ஒரே பட்டியலில் சில பெயராகவும் சில வாக்கியமாகவும் இருப்பதுதான் நடைமுறையில் பெரிய சிக்கல். உங்கள் நடத்தை விதிகளில் முதல் இனம் ‘கொடுக்கவும்’ என்று ஏவலாகவும், இரண்டாவது ‘வாகனங்களை நிறுத்துதல்’ என்று தொழிற்பெயராகவும், மூன்றாவது ‘கூடாது’ என்றும் முடிகின்றன. இரண்டாவதைப் படிப்பவருக்கு வாகனங்களை நிறுத்த வேண்டுமா, நிறுத்தக் கூடாதா என்றே தெரியவில்லை. எல்லாவற்றையும் ‘வேண்டும்’, ‘கூடாது’ என்ற இரண்டில் ஒன்றில் முடியும்படி மாற்றுங்கள். அரைப்புள்ளியா முற்றுப்புள்ளியா என்று மூன்று கூட்டம் பேசுவதைவிட இதற்கு ஒரு மாலையை ஒதுக்கினால் பலன் அதிகம்.

அரைப்புள்ளியைப் பற்றி ஓர் உள்வீட்டுச் செய்தி. பல ஆண்டுகள் தட்டச்சு நிலையங்களில் ஓடிய பாமினி எழுத்துருவில் அரைப்புள்ளிக்கான விசையை அழுத்தினால் மெய்யெழுத்தின் மேற்புள்ளிதான் விழும். அரைப்புள்ளி வேண்டுமென்றால் வேறு வழி தேட வேண்டும். கையெழுத்துப் படியில் இருந்த அரைப்புள்ளிகள் பல, அச்சுக்கு வரும்போது காற்புள்ளிகளாகிவிட்டதற்கு இலக்கணக் காரணம் எதுவும் கிடையாது.

குறிகளைவிடத் தொகுக்கும் சொற்களில்தான் ஆபத்து அதிகம். ‘ஆகிய’ என்றால் பட்டியல் முடிந்துவிட்டது, சொன்னவை மட்டும்தான். ‘முதலிய’ என்றால் சொன்னவற்றைத் தொடக்கமாகக் கொண்டு இன்னும் இருக்கின்றன. ‘போன்ற’ என்றால் சொன்னவை மாதிரிக்குத்தான், அவற்றை ஒத்தவை வேறு இருக்கின்றன. பேச்சில் மூன்றையும் கலந்து பேசுகிறோம், பாதகமில்லை. விதியில் அப்படி முடியாது. பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு சங்கத்தின் விதிநூல் என் மேசைக்கு வந்தது. ‘வங்கிக் கணக்கைத் தலைவர், செயலாளர், பொருளாளர் முதலியோர் இயக்கலாம்’ என்றிருந்தது. எழுத்துப் பிழை இல்லை, ஒற்று சரி, காற்புள்ளி சரி, கையொப்பமிட்டு அனுப்பிவிட்டேன். இரண்டு ஆண்டுகள் கழித்து உள்சண்டை வந்தபோது, துணைத்தலைவர்கள் இருவர் தாங்களும் ‘முதலியோர்’ என்பதில் அடங்குவதாக வங்கிக்குக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். பொதுக்குழு கூடி விதியைத் திருத்தும் வரை கணக்கில் ஒரு ரூபாய்கூட எடுக்க முடியவில்லை; காவலாளிக்கு மூன்று மாதம் சம்பளம் கைமாற்று வாங்கிக் கொடுத்தார்கள். அதில் என் பங்கும் உண்டு என்ற உறுத்தல் இன்றும் இருக்கிறது.

அங்கே ‘ஆகியோர்’ என்று திருத்தியிருந்தாலும் முழுத் தீர்வு கிடைத்திருக்காது. மூவரும் சேர்ந்து இயக்க வேண்டுமா, அவர்களுள் யாரேனும் ஒருவர் போதுமா? ‘ஆகிய மூவரும் கூட்டாக’ என்றோ, ‘ஆகிய மூவருள் எவரேனும் இருவர் கூட்டாக’ என்றோ எழுதினால்தான் விதி முழுமையாகும். உங்கள் வரைவில் 14ஆம் விதி இதே நிலையில் இருக்கிறது, பாருங்கள். எல்லாம் வேண்டாம், ஒன்று போதும் என்னும் பட்டியலுக்கும் இதுவே வழி: முகவரிச் சான்றுக்கு வரிக்கு வரி ‘அல்லது’ போடாமல், ‘பின்வருவனவற்றுள் ஏதேனும் ஒன்றின் நகல்’ என்று தலைப்பு வரியிலேயே சொல்லிவிட்டுப் பெயர்களை இறக்கிவிடுங்கள். இரண்டே வழிகள் என்றால் பட்டியலே தேவையில்லை. ‘நேரிலோ அஞ்சலிலோ அனுப்பலாம்’ என்பதில் இரண்டு ஓகாரங்கள் எல்லாவற்றையும் முடித்துவிடுகின்றன.

அடைமொழி எதுவரை பாய்கிறது என்பதும் பட்டியலில் அடிக்கடி வரும் வம்பு. சங்கக் கட்டடத்துப் பழைய சாமான்களை ஏலம் விடுவதற்கு ‘உடைந்த நாற்காலிகள், மேசைகள், மின்விசிறிகள் ஏலம் விடப்படும்’ என்று அறிவிப்பு எழுதினால், மேசையும் மின்விசிறியும் உடைந்தவையா, நல்லவையா? ஏலத்துக்கு வருபவர் தமக்குச் சாதகமாகத்தான் படிப்பார். உடைந்தது நாற்காலி மட்டும் என்றால் அதைக் கடைசிக்குக் கொண்டுபோய், ‘மேசைகள், மின்விசிறிகள், உடைந்த நாற்காலிகள் ஆகியவை’ என்று எழுதினால் தீர்ந்தது. மூன்றும் உடைந்தவை என்றால் ‘நாற்காலிகள், மேசைகள், மின்விசிறிகள் ஆகிய உடைந்த பொருள்கள்’ என்று அடையைத் தொகுக்கும் சொல்லுக்குப் பின்னால் வையுங்கள்.

எண்ணா, எழுத்தா என்ற கேள்விக்கு வருகிறேன். பட்டியலைப் பிறகு யாராவது சுட்டிக் காட்டிப் பேசப்போகிறார்கள் என்றாலோ, வரிசைக்கே பொருள் இருக்கிறது என்றாலோ எண் வேண்டும். சித்திரைத் திருவிழாவில் அழகர் மலையிலிருந்து இறங்கி வரும் வழியில் எழுந்தருளும் மண்டகப்படிகளின் பட்டியலுக்கு எண் இல்லாமல் முடியாது. எதற்குப் பின் எது என்பதுதானே அதில் செய்தி. அன்னதானத்துக்கு வேண்டிய சாமான்களின் பட்டியலுக்கு வெறும் பொட்டு (•) போதும். துணைவிதியில் எல்லாவற்றையும் பின்னால் சுட்டுவார்கள் என்பதால் பொட்டே வேண்டாம். விதிக்கு 7 என்றும், அதன் உட்பிரிவுக்கு (1) என்றும், அதற்கும் உள்ளே போனால் (அ) என்றும் இடுங்கள். ‘விதி 7(1)(அ)’ என்று எவரும் தடுமாறாமல் படிப்பார்கள். அதற்கும் கீழே ஒரு படி தேவைப்பட்டால் விதியை இரண்டாகப் பிரிக்கும் நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

எழுத்து வரிசையில் இரண்டு சங்கடங்கள் உண்டு. உயிரெழுத்து பன்னிரண்டோடு முடிந்துவிடுகிறது. மேலும் (எ), (ஏ) இரண்டும், (ஒ), (ஓ) இரண்டும் மூன்றாவது முறை நகலெடுத்த தாளில் ஒன்று போலவே தெரியும். அதனால் ஐந்தாறு இனங்களுக்கு மேல் போகும் என்றால் எழுத்தை விட்டுவிட்டு எண்ணுக்கு வந்துவிடுங்கள். உங்கள் குழுவில் ஒருவர் தமிழ் எண்களை ஆசையோடு கேட்டிருக்கிறார். அட்டையிலும் பக்க எண்ணிலும் தாராளமாக வைக்கலாம், எனக்கும் பிடித்தமானவைதான். விதி எண்ணாக மட்டும் வேண்டாம். ௧ என்பது ‘க’ போலவும், ௨ என்பது ‘உ’ போலவும், ௭ என்பது ‘எ’ போலவும், ௮ என்பது ‘அ’ போலவும் இருக்கும். எட்டாவது உட்பிரிவையும் முதல் எழுத்துப் பிரிவையும் ஒருவர் மாற்றிப் படித்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

அடைப்புக்குறிக்குள் எண்ணை வைக்கச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. உங்கள் சந்தா விதியில் ‘3. 1.4.2025 முதல் மாதச் சந்தா ரூ. 150’ என்று ஒரு வரி இருக்கிறது. மூன்று எங்கே முடிகிறது, தேதி எங்கே தொடங்குகிறது என்று கண் திணறுகிறது. ‘(3) 1.4.2025 முதல்’ என்றால் சிக்கல் இல்லை. எண்ணோடு உருபு சேரும்போது வாயால் படித்துப் பார்த்து எழுதுங்கள்: ‘7ஆம் விதி’, ‘விதி 7இல்’.

ஒவ்வோர் இனத்துக்கும் இரண்டு மூன்று செய்திகள் ஒட்டிக்கொண்டிருந்தால் அது பட்டியல் இல்லை, அட்டவணை. நம் பக்கத்து மொய் நோட்டைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஊர், பெயர், தொகை என்று கோடு போட்டு எழுதுகிறவர் எவரும் காற்புள்ளியைத் தேடுவதில்லை. அதே ஊர் மறுபடி வந்தால் மேற்படி என்பதற்கான ௸ குறியைச் சுழித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுகிறார். உங்கள் இணைப்பு 2இல் நிர்வாகிகளின் பெயர், பதவி, கதவு எண், தொழில் ஆகியவற்றைக் காற்புள்ளியும் அரைப்புள்ளியும் இட்டு ஒரே பத்தியாக எழுதியிருக்கிறீர்கள். அதை வரிசை எண்ணோடு ஐந்து நெடுவரிசைகள் கொண்ட அட்டவணையாக மாற்றி, கையொப்பத்துக்கு ஆறாவதாக ஒரு நெடுவரிசையை அகலமாக விடுங்கள். அந்த நெடுவரிசையில் மட்டும் ‘மேற்படி’ போட வழியில்லை. ஒவ்வொருவரும் நேரில் வந்துதான் கையொப்பமிட வேண்டும்.